வெயில் ஏறினால் எஸ்டபிள்யூஆர் எகிறுகிறது, கேரியர் கொடுத்தால் சரியாகிறது: கோஆக்ஸில் எங்கே தேடுவது?

நாற்பது_மீட்டர் (கேள்வி)

வணக்கம். என் ஹாம் ரேடியோ ஆன்டெனாவில் கோளாறு. 7, 14 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பேலனில் (கேபிளை ஆன்டெனாக் கம்பிகளோடு இணைக்கும் பெட்டி) கட்டிய விசிறி டைபோல். பேலன் 1:1 கரண்ட் வகை. ஃபீட்லைன் ஆர்ஜி-213 கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் செம்புப் பின்னல்), மின்னல் அரெஸ்டரிலிருந்து பேலன் வரை 28 மீட்டர். ஒரே துண்டு இல்லை: கீழே 16 மீட்டர், மேலே 12 மீட்டர், இடையில் இரண்டு பிஎல்-259 பிளக்கும் அவற்றை இணைக்கும் ஒரு பேரலும். அந்த ஜாயின்ட் கம்பத்தின் மேல்பாதியில் இருக்கிறது, மேலே எலக்ட்ரிக்கல் டேப் மட்டும் சுற்றியிருக்கிறது. அரெஸ்டரிலிருந்து ரிக் (டிரான்ஸ்சீவர்) வரை 1 மீட்டர் பேட்ச் கேபிள்.

காலையிலும் இரவிலும் 14 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் திடீரென்று மீட்டர் கடைசிக் கோட்டுக்குப் போகிறது. அதே நேரத்தில் வரும் சிக்னல்கள் ரிக்கின் சிக்னல் மீட்டரில் 3, 4 எஸ் யூனிட் இறங்கிவிடுகின்றன. 50 வாட்டில் ஓரிரு விநாடி கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) கொடுத்தால் பழையபடி 1.4க்கு வந்துவிடும். அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடியும் அதே கதை. காற்று பலமாக அடித்தாலும் சில சமயம் வருகிறது.

அரெஸ்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். கோளாறு இருக்கும்போதும் ஓப்பன், இல்லாதபோதும் ஓப்பன். கையில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் எதிர்ப்பு) ஒன்றும் நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிளை அளக்கும் சிறு கருவி) ஒன்றும் உண்டு. கனெக்டர்களை எல்லாம் மாற்றிவிடலாமா, அல்லது கேபிளையே மாற்றிவிடுவது நல்லதா?

---

டம்மி_லோடு

எதையும் இப்போது மாற்றாதீர்கள். விட்டுவிட்டு வரும் கோளாறில் நாலு இடத்தைக் கழற்றி மாட்டினால் அது ஒரு வாரம் ஒளிந்துகொள்ளும். எது சரி செய்தது என்றும் தெரியாது, திரும்பி வரும்போது ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். கோளாறு இருக்கும் நேரத்தில் அளந்து, இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான தடயம், கேரியர் கொடுத்தால் சரியாகிறது என்பது. முற்றாக அறுந்த கம்பி அப்படிச் சரியாகாது. இரண்டு உலோகப் பரப்புகள் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்து, நடுவே மெல்லிய களிம்புப் படலம் இருந்தால்தான் இப்படி நடக்கும். ஆன்டெனா பிடிக்கும் சிக்னல் மைக்ரோவோல்ட் அளவு, அந்தப் படலத்தை அதனால் துளைக்க முடியாது. 50 வாட் என்றால் 50 ஓமில் 50 வோல்ட், உச்சத்தில் 70 வோல்ட். அது படலத்தைத் துளைத்து ஒரு நுண்ணிய தொடர்பை உண்டாக்கிவிடுகிறது. வெயிலில் கேபிள் நீண்டு தொடர்பு நகர்ந்ததும் மறுபடி படலம். ஆகவே நீங்கள் தேடுவது மோசமான ஒரு தொடர்பை: பிளக், பேரல், பேலன் முனை, அல்லது சரியாகப் பிடிக்காத சால்டர்.

கேரியர் கொடுத்துச் சரிசெய்வதை வழக்கமாக்க வேண்டாம். 100 வாட்டில் மின்னோட்டம் 1.41 ஆம்பியர். அந்தத் தொடர்பில் வெறும் 5 ஓம் இருந்தாலே 10 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். பிளாஸ்டிக் உருகி, பொறி பறந்து, கரி படிந்தால் பேரலும் போகும். ரிக்கின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டர்களுக்கும் நல்லதில்லை.

உங்கள் மல்டிமீட்டர் சோதனை எதையுமே சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். டைபோலும் 1:1 கரண்ட் பேலனும் டிசிக்கு எப்போதுமே ஓப்பன்தான். ஹேர்பின் மேட்ச் அல்லது வோல்டேஜ் பேலன் உள்ள ஆன்டெனாவாக இருந்தால் எப்போதும் ஷார்ட் காட்டும். கோளாறு பார்க்க வேண்டுமென்றால் மறுமுனையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

எனவே வரிசை இப்படி. முதலில் கோளாறு இருக்கும் நேரத்தில் ரிக்கின் பின்னால் இருக்கும் பேட்ச் கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, அரெஸ்டரின் வெளிப்பக்கத்தில் டம்மி லோடை மாட்டுங்கள். எஸ்டபிள்யூஆர் 1.1க்குள் வந்து, பேட்ச் கேபிளை ஆட்டினாலும் அரெஸ்டரைத் தட்டினாலும் அசையாமல் நின்றால் அறைக்குள் பிரச்சினை இல்லை. இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அடிக்கடி கழற்றி மாட்டும் பேட்ச் கேபிளும், எல் வடிவ அடாப்டரும், ஆன்டெனா சுவிட்சும்தான் பலமுறை குற்றவாளி. மலிவான எல் அடாப்டரில் உள்ளே நடுப்பின்னை ஒரு ஸ்பிரிங்கோ மரையோதான் இணைக்கிறது, அது தளர்ந்தால் இதே அறிகுறிதான்.

அடுத்து, கேபிளின் மேல் முனையைப் பேலனிலிருந்து கழற்றி அங்கே டம்மி லோடை மாட்டி, ஓரிரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். டேப் சுற்றி மழைக்கு மூடிவிடுங்கள். இந்த ஒரே வேலை பாதி தூரம் கடத்திவிடும். டம்மி லோடு இருக்கும்போதும் பத்து மணிக்கு எகிறினால் கேபிள். எகிறவில்லை என்றால் பேலன் அல்லது ஆன்டெனா.

---

விஎச்எஃப்_வாசி

மேலே சொன்னதோடு ஒன்று. நானோவிஎன்ஏவை அந்தக் கேபிளில் மாட்டும் முன் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒரு கம்பியால் ஒருமுறை தொட்டு ஷார்ட் செய்துவிடுங்கள். டிசிக்கு மிதக்கும் டைபோலில் நிலைமின்னூட்டம் சேரும், விஎன்ஏவின் உள்ளீட்டை அது ஒரே தொடலில் கொன்றுவிடும்.

இதைப் படிக்கும் 145 மெகாஹெர்ட்ஸ் நண்பர்களுக்கு: ரிக் பக்கத்து எஸ்டபிள்யூஆரை நம்பாதீர்கள். 30 மீட்டர் ஆர்ஜி-58ல் அந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய 6 டெசிபல் இழப்பு. மேல் முனை முழுக்க ஓப்பனாக இருந்தாலும் அலை போய்த் திரும்ப 12 டெசிபல் தேய்ந்துவிடும், கீழே மீட்டர் 1.7தான் காட்டும். ஆன்டெனாவே இல்லாமல் 1.7! அங்கே மேல் முனையில் பவர் அளப்பதுதான் சரியான சோதனை. கேள்வி கேட்டவருக்கு இந்தக் கவலை இல்லை. 14 மெகாஹெர்ட்ஸில் 28 மீட்டர் ஆர்ஜி-213ன் இழப்பு முக்கால் டெசிபலுக்கும் குறைவு.

---

ஓம்_விதி

டிசியை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம், மல்டிமீட்டரை மட்டும் தள்ளுங்கள். மேல் முனையில் டம்மி லோடுக்குப் பதில் ஒரு ஷார்ட் பிளக் மாட்டுங்கள். கீழே கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளையில் 1 ஆம்பியர் செலுத்தி, கேபிள் முனையிலேயே மில்லிவோல்ட் பாருங்கள். ஆர்ஜி-213ல் நடுக்கம்பி கிலோமீட்டருக்கு 6 ஓம், பின்னல் 4 ஓம் அளவு. போகவர 28 மீட்டருக்கு 0.28 ஓம், அதாவது 280 மில்லிவோல்ட் வரவேண்டும். 400, 500 காட்டினாலோ, ஒருவர் கேபிளை ஆட்டும்போது எண் துள்ளினாலோ கையும் களவுமாகப் பிடிபட்டது. மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் 0.3ம் 0.5ம் லீடு கம்பியின் எதிர்ப்பிலேயே மறைந்துபோகும்.

அரெஸ்டரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சிலவற்றில் உள்ளே தொடர் கப்பாசிட்டர் இருக்கும், டிசி போகாது.

---

டம்மி_லோடு

நல்ல சோதனைதான், ஆனால் வரிசை முக்கியம். 1 ஆம்பியர் டிசியும் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும், கோளாறு அன்றைக்குப் போய்விடும். இவருடைய கேஸில் முதலில் விஎன்ஏ, கடைசியில் டிசி.

காரணம் சொல்கிறேன். நானோவிஎன்ஏ வெளியிடும் சக்தி ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. அதனால் களிம்புப் படலத்தைக் கலைக்காமல் பார்க்க முடியும். நேர்மாறான வகையும் உண்டு: 10 வாட்டில் எல்லாம் சரி, 100 வாட்டில் மட்டும் எகிறும். அது மெல்லிய இடைவெளியில் பொறி பாயும் கேஸ், விஎன்ஏவின் கண்ணுக்கு அது தெரியாது. அதற்குப் பவரை மெல்ல ஏற்றித்தான் பார்க்க வேண்டும். உங்கள் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு கருவியை எடுங்கள்.

விஎன்ஏவில் டைம் டொமைன் (அலை எத்தனை மீட்டரில் திரும்புகிறது என்று காட்டும் படம்) போடுவதற்கு முன் வெறும் கணக்காலேயே தூரம் கண்டுபிடிக்கலாம். மேலே டம்மி லோடு இருக்கட்டும். கோளாறு வந்ததும் 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் செய்து, மின்மறுப்பு அடிமட்டத்துக்கு விழும் அதிர்வெண்களைக் குறியுங்கள். அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களுக்கு இடையே உள்ள மெகாஹெர்ட்ஸால் 99ஐ வகுத்தால் மீட்டரில் தூரம். (கேபிளில் அலை ஒளியைவிட எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று சொல்வது வேகக் காரணி. 150ஐ அந்த 0.66ஆல் பெருக்கினால் 99. திடப் பாலிஎத்திலீன் உள்ள ஆர்ஜி-213க்கு இது சரி. ஃபோம் கேபிளுக்கு 0.8 முதல் 0.85 வரை, தயாரிப்பாளர் கொடுத்த எண்ணைப் போடுங்கள்.) முதல் பள்ளம் எங்கே விழுகிறது என்பது இன்னொன்றையும் சொல்லும். அது இடைவெளியில் பாதியில் விழுந்தால் அங்கே ஓப்பன், முழு இடைவெளியில் விழுந்தால் ஷார்ட்.

டைம் டொமைன் வேண்டுமென்றால்: 50 கிலோஹெர்ட்ஸ் தொடக்கம், 200 மெகாஹெர்ட்ஸ் முடிவு, அந்த ரேஞ்சிலேயே கேலிப்ரேஷன். டிஸ்பிளே மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், லோ பாஸ் இம்பல்ஸ், ஃபார்மட் ரியல், வேகக் காரணி 66 சதவீதம். 101 புள்ளிகளுக்கு இதில் 50 மீட்டர் வரை தெரியும், அரை மீட்டர் துல்லியம். துல்லியம் வேண்டுமென்று 900 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டினால் 11 மீட்டரோடு திரை முடிந்துவிடும், அதற்கப்பால் இருப்பது தவறான இடத்தில் மடிந்து வந்து குழப்பும். மேல்நோக்கிய முனை ஓப்பன், கீழ்நோக்கியது ஷார்ட்.

---

நாற்பது_மீட்டர்

சொன்னபடியே செய்தேன். அரெஸ்டருக்கு வெளியே டம்மி லோடு: 1.05, எதை ஆட்டினாலும் அசையவில்லை. பிறகு மேல் முனையில் டம்மி லோடு மாட்டி, அரெஸ்டரைக் கழற்றி, கேபிளின் கீழ் முனையில் நேராக விஎன்ஏ. காலை 9 மணிக்கு 1.1, தட்டையான கோடு. 10.40க்குக் கோடு ஒரேயடியாகக் குதித்தது. பள்ளங்கள் 3.1, 9.3, 15.5 மெகாஹெர்ட்ஸில். இடைவெளி 6.2, ஆக 16 மீட்டர். முதல் பள்ளம் பாதியில் விழுவதால் ஓப்பன். டைம் டொமைனிலும் 16 மீட்டரில் மேல்நோக்கி ஒரு முனை. அப்படியானால் நடு ஜாயின்ட்தானே?

அதைக் கழற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்? புதிதாகப் போடும்போது திரும்ப இந்த நிலை வராமல் எப்படிப் போடுவது? ஜாயின்டுக்குக் கீழே 7 மீட்டர் கேபிள் கம்பத்தோடு கட்டாமல் தொங்குகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

டம்மி_லோடு

ஆம், ஜாயின்ட்தான். உங்கள் கடைசி வரி காரணத்தையும் கிட்டத்தட்ட சொல்லிவிட்டது. ஆர்ஜி-213 மீட்டருக்கு 150 கிராமுக்குச் சற்று மேல். 7 மீட்டர் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் அந்தக் கீழ்ப் பிளக்கில் இரவும் பகலும் தொங்குகிறது.

பிஎல்-259ல் அந்த எடையைத் தாங்க வேண்டியது பின்னல். பிளக் உடலில் நாலு துளை வழியாகப் பின்னலைச் சால்டர் செய்திருந்தால் தாங்கும். பலர் அதைச் செய்யாமல், பின்னலைப் பின்னால் மடித்து மரையில் திருகிவிட்டு, நடுப்பின்னை மட்டும் சால்டர் செய்வார்கள். முதல் வருடம் அது அருமையாக வேலை செய்யும். பிறகு பின்னல் கறுத்துப் பிடி தளர்ந்ததும் முழு எடையும் நடுப்பின்னில் இருக்கும் சால்டர் துளியில் ஏறும். வெயிலில் கறுப்பு உறை சூடாகி, உள்ளே பாலிஎத்திலீன் இளகி விரியும். செம்பே 30 டிகிரி ஏற்றத்தில் 28 மீட்டருக்கு 14 மில்லிமீட்டர் நீளும், பாலிஎத்திலீன் அதைவிடப் பல மடங்கு. நடுக்கம்பி பின்னுக்குள் மேலும் கீழும் நகரும். காற்றிலும் அதே. உங்கள் இரண்டு அறிகுறிக்கும் இது பொருந்துகிறது.

கழற்றும்போது கீழ்ப் பிளக்கைக் கம்பத்திலேயே திருகிப் பார்க்காமல், பேரலோடு சேர்த்து முழுசாகக் கீழே கொண்டுவாருங்கள். முதலில் பிளக்கை இறுக்கும் வளையம் கையால் சுழல்கிறதா பாருங்கள். தளர்ந்திருந்தால் அது பின்னல் பக்கத்துத் தொடர்பும் போயிருக்கிறது என்று பொருள். பிறகு பிளக்கைப் பிடித்துக்கொண்டு கேபிளை முறுக்குங்கள். உள்ளே சுழன்றால் சால்டர் இல்லை. நடுப்பின்னின் நுனியைப் பாருங்கள்: சால்டர் பளபளவென்று நிரம்பித் தெரியும், ஆனால் அது பின்னின் சுவரில் ஒட்டியிருக்கும், கம்பியில் ஒட்டியிருக்காது. சூடு போதாத சால்டர் அப்படித்தான் ஏமாற்றும். பின்னை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பிளந்தால் கம்பி இழைகளைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும்.

பேரலின் இரு பக்கமும் நடுவே நாலு இதழ் இருக்கும். அவை விரிந்து கிடந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ பேரலைக் குப்பையில் போடுங்கள். ஊசியால் நெருக்கிவிட்டால் சில நாள் பிடிக்கும், வளைந்த இதழ் ஸ்பிரிங் தன்மையை இழந்திருக்கும்.

அடுத்து உறையைக் கீறி பின்னலின் நிறம் பாருங்கள். செம்பு நிறமாக இருக்க வேண்டும். கறுப்போ பச்சைக் களிம்போ இருந்தால் தண்ணீர் பின்னல் வழியே திரிபோல ஏறியிருக்கிறது. 30 சென்டிமீட்டர் 30 சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே போங்கள். பளிச்சென்ற செம்பு வரும் வரை நிறுத்தாதீர்கள். 2 மீட்டர் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்தத் துண்டு முடிந்தது, இழப்பு ஏறியிருக்கும், மிச்சப்படுத்தாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஜாயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக 28 மீட்டர் போடுங்கள். கம்பத்தின் மேல் இருக்கும் ஒவ்வொரு ஜாயின்டும் தண்ணீர் நுழைய இரண்டு வாசல்.

---

ஓம்_விதி

புதிய பிளக் போடும் முறை, ஆர்ஜி-213க்கு. வளையத்தை முதலில் கேபிளில் ஏற்றிவிடுங்கள் (மறந்தால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும்). முனையிலிருந்து 28 மில்லிமீட்டர் வெளி உறையை நீக்குங்கள், பின்னலின் ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. பின்னலுக்கு மெல்லிதாக ஈயம் பூசுங்கள். பிறகு நுனியிலிருந்து 16 மில்லிமீட்டர் நடுக்கம்பியை வெளிப்படுத்துங்கள். மிஞ்சும் 12 மில்லிமீட்டரில் பின்னலை 11க்கு நறுக்கினால் வெள்ளை இன்சுலேஷன் ஒரு மில்லிமீட்டர் முன்னே நீட்டியிருக்கும், அதுதான் ஷார்ட் ஆகாமல் காக்கிறது. பிளக்கை உறையின் மேல் மரையேறும் வரை திருகுங்கள். துளைகளில் பின்னல் தெரிய வேண்டும்.

சால்டரிங்கில்தான் தவறுகிறார்கள். 25 வாட் இரும்பு இதற்கு உதவாது. பிளக் உடல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நீங்கள் நீண்ட நேரம் வைத்திருப்பீர்கள், இன்சுலேஷன் உருகி நடுக்கம்பி ஓரம் போய்விடும். 100 வாட், தடித்த முனை. துளை ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து ஃப்ளக்ஸ் தடவுங்கள். ஒவ்வொரு துளைக்கும் சில விநாடி, இடையில் ஆற விடுங்கள். ஆறிய பிறகு நடுப்பின்: பின்னைச் சூடாக்கி, சால்டரைக் கம்பி நுனியில் கொடுங்கள். பின்னின் வெளிப்புறத்தில் வழிந்த ஈயத்தைத் துடைத்துவிடுங்கள், அது பேரல் இதழ்களை விரித்துவிடும்.

மாட்டும்போது வளையத்தை இறுக்கிக்கொண்டே பிளக்கை இடம் வலமாக அசையுங்கள். சாக்கெட் விளிம்பில் இருக்கும் பற்கள் பிளக்கின் பள்ளங்களில் உட்கார வேண்டும். பற்கள் மேட்டில் ஏறி நின்றால் இறுகியதுபோல் தெரியும், இரண்டு நாளில் தானாகத் தளரும்.

---

விஎச்எஃப்_வாசி

மழைக்காப்பு: எலக்ட்ரிக்கல் டேப் மட்டும் போதாது, வெயிலில் பசை வழிந்து ஓரம் பிரியும். முதலில் ஒரு அடுக்கு எலக்ட்ரிக்கல் டேப், பின்னாளில் சுத்தமாகக் கழற்ற உதவும். அதன் மேல் தானாக ஒட்டும் ரப்பர் டேப், அகலம் பாதியாகும் அளவுக்கு இழுத்துப் பாதிக்குப் பாதி மேலேறும்படி. அதற்கு மேல் வெயில் தாங்க மீண்டும் எலக்ட்ரிக்கல் டேப். கடைசி அடுக்கைக் கீழிருந்து மேலே சுற்றுங்கள், அப்போதுதான் ஓட்டுக்கூரைபோல் மடிப்புகள் தண்ணீரைக் கீழே தள்ளும். டேப்பைக் கடைசிச் சுற்றில் இழுக்காமல் ஒட்டுங்கள், இழுத்தால் சுருங்கிப் பிரியும்.

பேலனுக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு விட்டு, எடை பிளக்கில் ஏறாமல் கம்பத்தில் கட்டுங்கள். பிறகு மீட்டருக்கு ஒரு கட்டு. உறை நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். அறைக்குள் நுழையும் முன், தண்ணீர் கீழே சொட்டிவிட ஒரு வளைவு.

---

நாற்பது_மீட்டர்

கீழ்ப் பிளக்கில் பின்னல் சால்டரே இல்லை, கேபிள் உள்ளே சுழல்கிறது. பின்னைப் பிளந்து பார்த்ததில் நீங்கள் சொன்ன கறுப்பு வளையம் அப்படியே இருக்கிறது. பின்னல் 40 சென்டிமீட்டர் வரை கறுப்பு, அதற்குப் பிறகு செம்பு நிறம். ஒரே துண்டாகப் புதுக் கேபிள் போடப் போகிறேன். பேலன் பக்கத்துப் பிளக் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

---

டம்மி_லோடு

புதுக் கேபிள் என்றால் அந்தப் பிளக் எப்படியும் போகிறது. பேலனில் இருக்கும் சாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். நடு இதழ்கள் வெள்ளையாக, நெருங்கி இருக்கின்றனவா, சாக்கெட்டைப் பேலன் பெட்டியோடு பிடிக்கும் மரைகள் இறுக்கமா, உள்ளே அதிலிருந்து போகும் கம்பியின் சால்டர் ஆடுகிறதா. பழைய பிளக் அவ்வளவு காலம் அங்கே நின்றிருக்கிறது, அதே கைதான் அதையும் போட்டிருக்கும்.

கேபிளை ஏற்றும் முன் தரையிலேயே மறுமுனையில் டம்மி லோடு வைத்து ஒரு ஸ்வீப், ஷார்ட் பிளக் வைத்து 1 ஆம்பியர் டிசி. 28 மீட்டருக்கு 280 மில்லிவோல்ட் அருகே வரவேண்டும், ஆட்டினால் எண் நகரக் கூடாது. ஏற்றிய பிறகு ஆன்டெனாவோடு டைம் டொமைன் படம் ஒன்றைச் சேமித்து வையுங்கள். பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் மதியம் 12 மணிக்கு, கேரியர் எதுவும் கொடுப்பதற்கு முன், அதே படத்தை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

73 (வாழ்த்துகள்)